டிஸ்க் எழுதி முடியும் வரை

நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் என் மேசைக்கு இரண்டு வேலைகள். டாக்டர் பேசி அனுப்பும் ரிப்போர்ட்டைக் கேட்டு டைப் செய்வது ஒன்று. எடுத்த படங்களை டிஸ்க்கில் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலை சிரமமில்லை. வருஷக்கணக்காக ஒரே வார்த்தைகளை அடித்து அடித்து விரல்கள் தாமாகவே ஓடும். இரண்டாவதுதான் பொறுமையைச் சோதிக்கும்.

பக்கத்துக் கட்டடம் பனியன் கம்பெனி. எங்கள் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் பஞ்சுத் தூசி உள்ளே வந்துவிடும். டிஸ்க் எழுதும் டிரைவின் லென்ஸில் அது போய் ஒட்டிக்கொள்கிறது என்று சர்வீஸ்காரர் ஒவ்வொரு முறையும் சொல்வார். துடைத்துக் கொடுப்பார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதைதான். வேகத்தைக் கூட்டி வைத்தால் பாதியில் நின்றுவிடும். அதைவிட மோசம், முழுசாக எழுதிவிட்டதாகச் சொல்லிவிட்டு, வேறு கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது. எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பெண்ணின் காலத்தில், ஒரு டெய்லர் தன் மனைவியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே டிஸ்க் திறக்காமல், அதே நாளில் பஸ் ஏறித் திரும்பி வந்தாராம். அந்த அம்மாவால் உட்காரக்கூட முடியவில்லையாம். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில்தான் எழுத வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் ஓடும். மேல்கோடு, எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டுவது. கீழ்க்கோடு பஃபர், படங்கள் டிஸ்க்குக்குப் போவதற்கு முன் வந்து காத்திருக்கிற இடம். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் அதே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிக்கத் தொடங்கினால் கீழ்க்கோடு சரசரவென்று இறங்கிக் காலியாகிவிடும். மேல்கோடு நின்ற இடத்தில் நின்றுவிடும். ஆகவே எழுதி முடியும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கை சும்மா இருக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் பேசத் தோன்றும். எதிரே பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து என் மேசைக்கு வருவார்கள்.

"இன்னும் நேரமாகுங்களா?"

"செத்த நேரம் உக்காருங்க. ஓடிட்டிருக்குது."

அதற்கடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். "உங்களுக்குத் தெரியுமில்லீங்க, என்ன இருக்குதுன்னு?"

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லாமல் நாங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது. பல சமயம் ரிப்போர்ட்டை நான்தான் சற்று முன்பு அடித்திருப்பேன். "டாக்டரைப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீணான டிஸ்க்குகள் ஒரு அட்டைப் பெட்டியில் சேரும். சேவூரில் என் வீட்டுக்காரரின் அண்ணன் மக்காச்சோளம் போட்டிருந்தார். மயில் வராமல் இருக்க அவற்றைக் கயிற்றில் கோத்துச் சோளக் காட்டில் கட்டுவார். எங்கள் வீட்டுக்கு அந்த டிரைவால் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

அவர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்னை வைத்துக் கோடு போட்டு, கட்டிங் மிஷினைத் தள்ளிக்கொண்டு போவார். பெரிய ஆர்டர் வந்தால் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். நான் காலையில் கிளம்பும்போது அவர் எழுந்திருக்க மாட்டார். அவர் வரும்போது நான் மகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு அரைத் தூக்கத்தில் இருப்பேன். "சாப்டீங்களா?" "ஆச்சு." கல்யாணமாகிப் பல வருஷங்கள் எங்கள் பேச்சு பெரும்பாலும் இந்த அளவுதான். சண்டை கிடையாது. நேரம் கிடையாது, அவ்வளவுதான்.

ஒரு நாள் கம்பெனியில் ஒரு அடுக்கு முழுவதும் கோணலாக வெட்டப்பட்டுவிட்டது. வெட்டியவர் அவர். அப்படி அவர் கையில் நடந்ததே இல்லை. மிஷின் பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்தார்களாம். புது பிளேடு போட்டும் கோடு விலகிப் போயிருக்கிறது. வீட்டில் வந்து அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் இருந்தது, பயம் இல்லை. நானும் கண் பார்வையாக இருக்கும், கண்ணாடி போடலாம் என்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய்விட்டு வந்தார். வலது காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கீங்க?" என்றேன்.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். செருப்பு வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. தார் ரோட்டில் அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், சுட்டதும் தெரியவில்லை. மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் எத்தனையோ ரிப்போர்ட் அடித்தவள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் சென்டரிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டெக்னீஷியன் அண்ணன் தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். என் வீட்டுக்காரரைத் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "மச்சான், உள்ள கொட்டு மேளம் மாரி சத்தம் வரும். கண்ண மூடிக்கிட்டுக் கல்யாணத்த நெனச்சிக்கிட்டுப் படுங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது.

நான் என் மேசையில் வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ அடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஆகிற நேரம் ஆனது. கதவு திறக்கவில்லை. அப்புறம் அண்ணன் மட்டும் வெளியே வந்தார். தண்ணீர் குடித்தார். என் பக்கம் திரும்பாமல், "ஊசி போட்டு இன்னொரு தடவ எடுக்கணும் தங்கச்சி. டாக்டர் சொல்லுதாரு" என்றார்.

எதையாவது பார்த்தால்தான் ஊசி போட்டு எடுப்பார்கள். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். 

கொஞ்ச நேரத்தில் டாக்டர் போன் செய்தார். அவர் எங்கள் சென்டருக்கு வருகிறவர் இல்லை. படங்களைத் தன் இடத்திலிருந்தே பார்ப்பார். வழக்கமாக வணக்கம்கூடச் சொல்லாமல் ரிப்போர்ட்டை ஆரம்பித்துவிடுகிற மனிதர். அன்றைக்கு என்னை அம்மா என்று கூப்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை நீங்க அடிக்க வேண்டாம். நானே அடிச்சு அனுப்பறேன்."

"சரிங்க டாக்டர்."

"கோயமுத்தூருக்கு லெட்டர் எழுதித் தர்றேன். நாளைக்கே போயிருங்க. நீங்க டிஸ்க் மட்டும் போட்டு எடுத்துக்குங்க."

போனை வைத்தேன். அவ்வளவுதான். யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை; எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒரு புது டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து டிரைவில் போட்டேன். வேகம் கேட்டது. குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் வயது. நாற்பதுகூட ஆகவில்லை.

அவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இதுதானா அந்த டப்பா? நம்மூட்டு கிரைண்டராட்டம் சத்தம் போடுது."

"ஆமாங்க."

"என்ற மண்டைக்குள்ள இருக்கறதெல்லாம் இதுல வந்துருமா?"

"வந்துருங்க."

"அப்பறம் உன்னைய மனசுக்குள்ள திட்டுனதெல்லாம் தெரிஞ்சு போயிருமே அம்மிணி."

நான் சிரிக்க வேண்டும். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் திரையை எட்டிப் பார்த்தார். மேல்கோடு கால்பங்குகூட வரவில்லை. மகளின் சைக்கிளுக்கு செயின் மாற்ற வேண்டும் என்றார். அடுத்த வாரம் கம்பெனியில் புது ஆர்டர், குழந்தைகள் உடுப்பு, சின்னச் சின்ன பேட்டர்ன், வெட்டுவது சிரமம் என்றார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். கோடு முக்கால்வாசி வந்தபோது டிரைவின் சத்தம் மாறியது. கரகரவென்று இழுத்து, நின்றது. எழுத முடியவில்லை என்று திரையில் வந்தது. டிஸ்க் வெளியே வந்தது.

இன்னொரு டிஸ்க் போட்டேன். மறுபடி கையைக் கட்டிக்கொண்டேன்.

"நீ ஏன் டைப் பண்ணாம சும்மா உக்காந்திருக்கற?"

"டிஸ்க் ஓடறப்ப அடிக்கக் கூடாதுங்க."

"அதுக்கு முன்னாலயே அடிச்சிருக்கலாமில்ல. என்ற ரிப்போர்ட்ட."

நான் திரையைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரே அடிக்கறேன்னுட்டாருங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். ஊசி போட்ட இடத்தில் இருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார். அதை எங்கே போடுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி உடு" என்றார். "எழுதி முடியட்டும். போலாம்."

அந்த டிஸ்க் முடியும் வரை இருவரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்ப் பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கோயமுத்தூரில் டிஸ்க் உடனே திறந்தது. அங்கிருந்த டாக்டர் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூளையில் கட்டி. வலது கையும் காலும் சொன்னபடி கேட்காதது அதனால்தான். ஆபரேஷன் செய்யலாம், முழுசாக எடுக்க முடியாது என்றார். என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "கை சரியாகுங்களா? வெட்டற வேலைங்க எனக்கு."

டாக்டர், "முயற்சி பண்ணுவோம்" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. கரண்ட் வைத்தார்கள்; கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாத்திரைகள். தலையில் ஒரு பக்கம் முடி மறுபடி முளைக்கவே இல்லை. அந்தப் பக்கம் மறையும்படி துண்டு கட்டிக்கொண்டு திரிந்தார். வலது கை சரியாகவில்லை. கம்பெனியில் அவரைப் போகச் சொல்லவில்லை. செக்கிங் செக்ஷனில், பெண்களோடு உட்கார்ந்து, தைத்து வந்த உடுப்புகளில் ஓட்டை, கறை பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து, "நல்ல வேலைதான். ஃபேன் காத்து வருது" என்றார். அன்று சாப்பிடும்போது இடது கையால் சாப்பிட்டார். மகள் அவருக்குத் தெரியாமல் தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு ஸ்பூன் எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து ஸ்பூனில் சாப்பிட்டார்.

சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு டிஸ்க். முதல் முறைக்குப் பிறகு எங்களிடம் ஒளித்துவைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் அதே நாற்காலியில் வந்து உட்காருவார். டிரைவ் ஓடும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் மகள் இருப்பாள், அவருடைய அம்மா வந்து போவார், ஒறம்பரை, சொந்தபந்தம் என்று பார்க்க வருவார்கள். தனியாகப் பேச எங்களுக்குக் கிடைத்த இடம் அந்த மேசைதான்.

அங்கேதான் அவர் சொன்னார், மகளின் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று. பனியன் கம்பெனிக்கு மட்டும் அனுப்பிவிடாதே என்றார். சின்ன வயதில் தானும் மேலே படிக்க ஆசைப்பட்டதை அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார். கல்யாணம் பேசும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், சும்மா இன்னொரு தரம் பார்க்கலாம் என்று எங்கள் தெருவில் சைக்கிளில் வந்து, நான் இல்லாததால் என் சித்தியிடம் முகவரி விசாரிப்பது போல நடித்துவிட்டுப் போனாராம். "யார் முகவரி கேட்டீங்க?" என்றேன். "அதான் ஞாபகமில்ல. உங்க சித்தி வழி சொன்னாங்க. நானும் அங்க போயிட்டு வந்தேன்" என்றார். நாங்கள் சிரித்ததைப் பார்த்துப் பெஞ்சில் இருந்தவர்கள், இவர்களுக்கு நல்ல ரிசல்ட் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு முறை சர்வீஸ்காரர் வந்து டிரைவையே மாற்றித் தருகிறேன், புதுசு வேகமாக எழுதும் என்றார். என் வீட்டுக்காரர் அப்போது அங்கே இருந்தார். "எதுக்குங்க, மெதுவாவே எழுதட்டும் உடுங்க" என்றார். சர்வீஸ்காரர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். ஓனரும் செலவு வேண்டாம் என்றுவிட்டார்.

நான்காவது ஸ்கேனோ ஐந்தாவதோ, டெக்னீஷியன் அண்ணன் வெளியே வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, துண்டு நழுவி, வாய் கொஞ்சம் திறந்தபடி. டிஸ்க் எழுதி முடிந்து வெளியே வந்தது. நான் எழுப்பவில்லை. அடுத்த ஆளுக்கு எழுத வேண்டும். அந்த ஆளின் மகள் வந்து நின்றாள். அவளும் தூங்குகிறவரைப் பார்த்துவிட்டு மெதுவான குரலில்தான் பேசினாள்.

அதற்குப் பிறகு ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கோயமுத்தூரில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புரட்டாசி மாதம், காலையில், நான் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். சேவூருக்குக் கொண்டுபோனோம். கட்டிங் செக்ஷன் ஆட்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்ட என் மகளை அவருடைய அண்ணன் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அந்த நாற்காலியை யாரோ சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். டெக்னீஷியன் அண்ணனாகத்தான் இருக்கும்.  ரிப்போர்ட்டுகளை அடித்தேன். டிஸ்க் ஓடும்போது யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் பேசினேன். சிலர் என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

எங்கள் மிஷினின் கம்ப்யூட்டரில் இரண்டு வருஷப் படங்களுக்கு மேல் இடமில்லை. படங்கள் சேரச் சேர நிறைந்துவிடும். நிறைந்ததும், பழைய மாதங்களின் படங்களை டிவிடியில் எழுதி, திறந்து பார்த்துச் சரிபார்த்து, மேலே மார்க்கரில் மாதத்தை எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க வேண்டும். அதுவும் என் வேலைதான். நான் லீவில் இருந்தபோது யாரும் அதைச் செய்யவில்லை. திரும்பி வந்த பிறகு நானும் தள்ளிப்போட்டேன். மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, மிஷின் ஒரு படத்தையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று நின்றுவிட்டது.

பெஞ்சில் ஒரே ஒரு அம்மாதான் இருந்தார், தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். மடியில் ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்து விழுந்துவிட்டாளாம். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டும். அதற்காக வந்த டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பழைய மாதங்களின் பட்டியலைத் திறந்தேன். அடுத்து எழுத வேண்டியது எந்த மாதம் என்று பார்த்ததும் கை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முதல் ஸ்கேன் எடுத்த மாதம். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. நா பாத்துக்கிடுதேன்."

"இல்லீங்கண்ணா. நானே போட்டர்றேன்."

"சொன்னாக் கேளு."

"உங்களுக்கு உள்ள வேலை இருக்குதுங்க. கொழந்தைக்கு ஊசி போடணும்."

அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு போனார்.

டிவிடியைப் போட்டேன். அந்த மாதத்தில் எத்தனையோ பெயர்கள். முதுகு, முழங்கால், கழுத்து, தலை. நடுவில் அவர் பெயர். மேல்கோடு நகர்ந்தது. கீழ்க்கோடு ஏறி இறங்கியது. பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டேன். எதிரே பேச ஆள் இல்லை. தாராபுரத்து அம்மா எழுந்து வந்தார்.

"ஏஞ்சாமி, எப்பக் கூப்புடுவீங்க? கொழந்தை பச்சத் தண்ணி குடிக்காம இருக்குதுங்க."

"இது எழுதி முடிஞ்சதும் கூப்புட்டுருவாங்க. மிஷின்ல எடமில்லீங்க. எடம் பண்ணிட்டிருக்கறேன்."

"என்னுங்க எழுதறீங்க?"

"பழைய படமெல்லாம்ங்க. முன்னால வந்தவங்களோடது."

"அவங்கெல்லாம் நல்லாயிட்டாங்களாங்க?"

அவர் ஆறுதல் தேடித்தான் கேட்டார். எதையும் தெரிந்து கேட்கவில்லை. நான் திரையைப் பார்த்தபடி, "நெறையப் பேரு நல்லாயிட்டாங்க" என்றேன். அது பொய்யில்லை. குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசியில் உதடு காய்ந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

எழுதி முடிந்தது. சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் அழித்துவிட்டு டிவிடி திறக்காமல் போனால் எல்லாம் போய்விடும். ஏதாவது இரண்டு மூன்று பெயர்களைத் திறந்து பார்த்தால் போதும். நான் அவர் பெயரைத் திறந்தேன். படங்கள் மெதுவாக வந்தன. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பெயர், வயது. அவருடைய தலை, அவருடைய கண்குழிகள், மூக்கு. நடுவில் அந்த வெள்ளை. முதல் நாள் நான் இதைத் திறந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோயமுத்தூரிலும் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. இவ்வளவு பெரியதாக இருந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் சைக்கிள் செயினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மூடினேன். அந்த மாதம் முழுவதையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். உறுதிதானா என்று கேட்டது. எப்போதும் கேட்பதுதான். யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகிற கேள்வி. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து மயக்க மருந்து டாக்டர், "ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். குழந்தையின் கை என் கையில் இருந்தது. மற்றக் கையால் தட்டினேன்.

எழுதத்தான் அவ்வளவு நேரம். அழிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இப்பக் கூப்புடலாங்கண்ணா" என்றேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிவிடி மேல் மார்க்கரால் மாதத்தை எழுதி அலமாரியில் வைத்தேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது என் மேசையில் டீ இருந்தது. ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மத்தியானம் டாக்டர் அந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டைப் பேசி அனுப்பினார். காதில் மாட்டிக்கொண்டு அடித்தேன். மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. இருமுறை ஓடவிட்டுக் கேட்டேன், சரியாகத்தான் கேட்டேனா என்று. அடித்து, பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். டாக்டரைப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தேன்.

"பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மகள் சோறு வடித்து வைத்திருந்தாள். குழைந்துவிட்டது என்று அவளுக்கே வருத்தம். தட்டில் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா படத்தை நீயேவாம்மா அழிச்ச?"

"ஆமாங் கண்ணு."

"வேற யாரையாச்சும் பண்ணச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல."

அவள் கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் குழந்தை எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டாள். கேட்கவில்லையே என்றேன். கேட்டிருக்கலாம் என்றாள். இரண்டாவதோ மூன்றாவதோ இருக்கும் என்றேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தோம். அவள் பாத்திரம் கழுவ எழுந்தாள். நானும் கூடப் போய் நின்று துடைத்து வைத்தேன்.